மனோதர்மமும் மடிக்கணினியும்

மேல்நிலைப் பள்ளி மாணவனுக்கு இசையமைக்கச் சொல்லித்தரலாமா என்பது நம்மிடையே ஒரு கேள்வியாகக்கூட எழுந்ததில்லை. அக்கறை இல்லாததால் மட்டும் அப்படி நேர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. பதில் முன்பே தெரியும் என்ற நிச்சயம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. மெட்டுப் போடுகிறவன் அப்படியே பிறக்கிறான், மற்றவர்கள் பாடம் பண்ணிக்கொண்டு பாடுகிறார்கள் என்ற நிச்சயம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று புரந்தரதாசர் பெயரைச் சொல்லி வகுத்திருக்கும் படிகளில் எந்தப் படியிலும், மாணவனைப் பார்த்து 'நீ ஒன்று பண்ணிக் காட்டு' என்று கேட்பதற்கு இடமில்லை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை உண்டு, நாதசுரம் உண்டு, தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் உண்டு. இசையமைப்பு என்று ஒரு வகுப்பு கிடையாது.

படிகளின் கடைசியில் ஒரு கதவு திறக்கிறது என்பார்கள். ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம். இதற்கு மனோதர்மம் என்று பெயர். எனக்கு இந்தச் சொல்லின் மேல் எப்போதுமே ஒரு பிரமிப்பு உண்டு. மனத்தின் போக்கு என்றோ மனத்தின் சுதந்திரம் என்றோ சொல்லியிருக்கலாம். தர்மம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ இப்போது பாடும் இந்த ஸ்வரத்துக்கு முன்னால் யாரும் உனக்குக் கட்டளை இடவில்லை, ஆகையால் இதற்கு நீதான் ஜவாப்தாரி என்கிற அர்த்தம் அதில் தொனிக்கிறது. ஆனால் பத்து வருஷம் கழித்து, அதுவும் அதுவரை தாக்குப்பிடித்தவனுக்குத்தான் இந்தத் தர்மம். பத்து வருஷம் பிறர் சொன்னதைச் செய்தே பழகியவனுக்குத் திடீரென்று ஒருநாள் பொறுப்பு வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது விசித்திரமான நம்பிக்கை. பெரும்பாலான கச்சேரிகளில் கற்பனாஸ்வரத்தில் கற்பனை எவ்வளவு இருக்கிறது என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியும்.

மேற்கில் இதற்கு நேர் எதிரான ஒரு கட்சி இருந்தது. கனடாவில் மரே ஷேஃபர் 1960களில் பள்ளிக்கூட வகுப்புக்குள் இசையமைப்பாளனாகவே நுழைந்தார். இங்கிலாந்தில் ஜான் பெயின்டரும் பீட்டர் ஆஸ்டனும் 1970ல் 'சவுண்ட் அண்ட் சைலன்ஸ்' எழுதினார்கள். ஓவிய வகுப்பில் முதல் நாளே குழந்தையிடம் காகிதத்தையும் வண்ணத்தையும் கொடுத்துவிடுகிறோம், பழைய ஓவியங்களைப் பத்து வருஷம் நகல் எடுத்த பிறகு வா என்று சொல்வதில்லை, இசைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்பதுதான் இந்தக் கட்சியின் வாதம். இன்று இங்கிலாந்தில் பள்ளி இறுதி வகுப்புகளுக்கு இசைத் தொழில்நுட்பம் என்று தனிப் பாடமே இருக்கிறது. ஒலிப்பதிவும் கணினியில் இசை கோப்பதும் பரீட்சைக்கு உரிய விஷயங்கள்.

நம் பக்கம் இந்த விவாதம் நடக்காமலேயே கருவி வந்து சேர்ந்துவிட்டது. 2011ல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. ஆரணிப் பக்கம், சந்தவாசல் போன்ற ஊர்களில், தறிக்காரர் வீட்டுப் பையன்களும் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெண்களும் அதைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். (ஊர்ப் பெயரில் சந்தம் இருப்பதை வைத்து நாலு வரி எழுதும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.) சினிமா பார்க்கத்தான் பயன்படுகிறது என்று நகரத்தில் கேலி பேசினார்கள். அந்தக் கேலியில் ஒரு விஷயம் மறைந்துபோயிற்று. அந்தப் பெட்டிக்குள் இலவச மென்பொருள் ஒன்றை ஏற்றிவிட்டால் அது ஓர் ஒலிப்பதிவுக் கூடம், ஒரு வாத்தியக் குழு. பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கு மேல் ஏற முடியாதிருந்த வீடுகளுக்குள் ஒரு வாத்தியக் குழு நுழைந்தது. சாஸ்திரீயப் பயிற்சி முதலில், சிருஷ்டி பிறகு என்று பேசுகிறவர்கள், அந்தப் பயிற்சியின் வாசலில் யார் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஆனால் கருவி வந்ததோடு விஷயம் முடியவில்லை. இங்கே தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

லியோன் நகரத்து ஜக்கார்டு 1804ல் தன் தறியைப் பூர்த்தி செய்தார். அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், இல்லையென்றால் தூக்காது. எந்தப் பாவு இழை மேலே போவது என்பதை அட்டை தீர்மானிக்கிறது. அதற்கு முன் தறிப் பக்கத்தில் உட்கார்ந்து இழை இழுக்க ஆள் வேண்டும், பெரும்பாலும் சிறுவர்கள். அட்டை அந்தச் சிறுவர்களை விடுவித்தது என்றும் சொல்லலாம், நெய்கிறவனையே இழுக்கிற சிறுவனாக ஆக்கிற்று என்றும் சொல்லலாம். கட்டக் காகிதத்தில் டிசைன் வரைகிறவர் ஒருவர், அதைப் பார்த்து அட்டை குத்துகிறவர் ஒருவர். இப்போது அதையும் கணினியில் போட்டுச் செய்கிறார்கள். பாவும் ஜரிகையும் அட்டையும் கொடுக்கிறவர் முதலாளி. நெய்கிறவரின் கைத்திறமை சாமான்யமானதல்ல. உடலும் கரையும் வேறு வேறு வண்ணமாகச் சேரும் கோர்வைப் புடவையை நெய்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். (மிருதங்கக்காரர்களும் கோர்வை என்கிறார்கள். இரண்டுமே கோப்பதுதான்.) ஆனால் அந்த மயில் ஏன் அங்கே வந்தது, ஏன் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டால் நெய்தவரிடம் பதில் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கூலி அதற்கு அல்ல.

கணினியில் இசை கோக்கும் மென்பொருளைத் திறந்தால் தெரிகிற கட்டத்துக்குப் பியானோ ரோல் என்று பெயர். தானே வாசிக்கும் பியானோவுக்குள் ஓட்டை குத்திய காகிதச் சுருளை ஓட்டிய நாட்களின் மிச்சம் அந்தப் பெயர். ஓட்டை இருந்தால் ஸ்வரம், இல்லையென்றால் மௌனம். அட்டையும் இதுவும் ஒரே யுக்தி. சந்தவாசல் பையன் ஒருவனுக்கு இதை விளக்க அரை மணி நேரம் போதும். அவன் வீட்டுக் கூடத்தில் தலைக்கு மேல் அட்டை தொங்குகிறது.

ஆனால் பையன் செய்வது என்ன? மென்பொருளோடு வரும் லூப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. யாரோ வாசித்து யாரோ வெட்டி வைத்த நாலு மாத்திரைத் துண்டுகள். அவற்றில் இரண்டை அடியிலும் ஒன்றை மேலேயும் போட்டால் பாட்டு மாதிரி ஒன்று வந்துவிடுகிறது. கேட்கவும் நன்றாகவே இருக்கிறது. தான் இசையமைத்துவிட்டதாக அவன் சந்தோஷப்படுகிறான். அவன் வாங்கியிருப்பது வேறொருவர் குத்திய அட்டை. கீர்த்தனையைப் பிசகாமல் பாடும் மாணவியும் வேறொருவர் அட்டையைத்தான் நெய்கிறாள், ஆனால் அவளுக்கு அது தெரியும். இவனுக்குத் தெரியாது. இந்த வித்தியாசம் ரசனை சம்பந்தப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒழுக்கம் சம்பந்தப்பட்டதாகத் தோன்றுகிறது.

கான்லன் நான்காரோ என்று ஓர் அமெரிக்கர். 1912ல் பிறந்து, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்டுகளுக்கு எதிராகச் சண்டை போட்டு, பிறகு மெக்சிகோவுக்குக் குடிபோய், அங்கேயே 1997ல் இறந்தவர். மனிதர்களால் வாசிக்க முடியாத லயங்களை எழுத ஆசைப்பட்டு, தானே வாசிக்கும் பியானோவுக்கான சுருளில் தன் கையாலேயே ஓட்டை குத்தினார். சில நிமிஷ இசைக்கு மாதக்கணக்கில் உழைப்பு. இயந்திரம்தான் வாசித்தது, ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் அவருடையது. ஏன் இங்கே என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்திருக்கும். இயந்திரம் வந்தால் ஆத்மா போய்விடும் என்ற நம் வழக்கமான புலம்பலுக்கு நான்காரோ போதுமான மறுப்பு.

இன்னொரு புலம்பலும் உண்டு. பன்னிரண்டு ஸ்வரக் கட்டத்தில் கமகம் ஏது என்பது. இதையே ஆர்மோனியத்தைப் பற்றிச் சொன்னார்கள். அகில இந்திய வானொலி 1940ல் அதை விலக்கி வைத்து 1971 வரை உள்ளே விடவில்லை. அந்த முப்பது வருஷமும் வட ஆர்க்காட்டுக் கூத்து மேடைகளில் விடிய விடிய ஆர்மோனியம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கட்டைகளுக்கு நடுவே இல்லாததைப் பாடுகிறவர் குரல் ஈடுகட்டிற்று. வானொலியின் சுத்தம் யாருக்காக என்று கூத்துக்காரர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

ஆகவே கட்டம் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்டத்தை யார் போட்டார்கள் என்பது தெரியாமல் போவதில்தான் ஆட்சேபம். மென்பொருள் திறக்கும்போதே பெரும்பாலும் நிமிஷத்துக்கு 120 தட்டு, நாலு நாலாக எண்ணிக்கை என்று வைத்திருக்கிறது. பம்பையும் முகவீணையும் கேட்டு வளர்ந்த காது நாலுக்குள் போய் உட்காருகிறது. யாரும் நிர்ப்பந்திக்கவில்லை, மாற்றிக்கொள்ளலாம், ஒரு பொத்தான்தான். ஆனால் மாற்ற வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால், இது ஒருவர் எடுத்த முடிவு என்று தெரிய வேண்டும். ஆசிரியரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பொத்தான்களைக் காட்டித்தர ஆசிரியர் தேவையில்லை, அதைப் பையன்களே நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவைப் பற்றிப் பேசும்போது மேதை என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவருக்குச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்று ஓர் ஆசிரியர் கிடைத்தார் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. 1976ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன், காகிதத்தில் எழுதவும் எழுதியதைத் தலைக்குள் கேட்கவும் அவர் கற்றுக்கொண்டிருந்தார். காகிதமும் ஒரு தொழில்நுட்பம்தான். எழுதி அடித்துத் திருத்தும்போது அடித்தது தெரிகிறது. கணினியில் ஒரு தட்டில் தவறு தடயமில்லாமல் போய்விடுகிறது. தவறு செய்யும் பயம் போவது பதினாறு வயசுக்கு நல்லதே. தேர்ந்தெடுத்தோம் என்ற பிரக்ஞையும் கூடவே போய்விடுவதுதான் நஷ்டம். தறியில் ஊடை தப்பினால் பிரித்து எடுக்க வேண்டும், பட்டு அடிபடும், நேரம் போகும்.

ஆக 2011ல் கொடுத்தது கருவி. கொடுக்காதது தன்ராஜ் மாஸ்டர்.

ஏ.ஆர். ரகுமான் 2008ல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். இசையமைப்பும் தொழில்நுட்பமும் முறையாகக் கற்க நம் ஊரில் ஓர் இடம் உண்டாயிற்று என்பது சிறிய காரியமில்லை. சந்தவாசலிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதை பஸ் கட்டணத்தை வைத்துக் கணக்கிட முடியாது. அதே ரகுமான் 2024ல் 'லால் சலாம்' படப் பாட்டு ஒன்றில், காலமான பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதாகவும் உரிய தொகை கொடுத்ததாகவும் சொன்னார். நான் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் குடும்பம் கொடுக்கும் அனுமதி குரலுக்கு உரியவர் கொடுக்கும் அனுமதி ஆகுமா? அந்த மூச்சை எங்கே விடுவது என்று தீர்மானிக்கப் பாடகர் இல்லை. இதைச் செய்யும் முறையை ஒரு மாணவனுக்கு ஒரு மத்தியானத்தில் சொல்லித்தந்துவிடலாம். செய்யலாமா என்பதற்கு எந்தப் பாடத்திட்டத்தில் எத்தனை பீரியட் ஒதுக்குவார்கள்? நாலு சொல் தட்டினால் முழுப் பாட்டே வந்து விழுகிற காலத்தில், பண்ணத் தெரிவதைவிட வேண்டாம் என்று சொல்லத் தெரிவது கஷ்டமாகிவிட்டது.

பாடமாக வைத்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பார்த்தேன். நம் பிளஸ் டூவை அறிந்தவர்களுக்கு நடுக்கம் வரும். பத்து மதிப்பெண் மெட்டு, ஐந்து மதிப்பெண் மெட்டு, அதற்கு ஒரு கோனார் உரை. மதிப்பெண்ணுக்கு வெளியே, சனிக்கிழமை மத்தியானம், விருப்பம் உள்ள ஏழெட்டுப் பேர், கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் ஒருவேளை நடக்கலாம். அவர் சங்கீத வித்வானாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஷேஃபர் மாணவர்களை முதலில் காதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். கேட்ட சத்தங்களை எழுது என்றார். சந்தவாசலில் அப்படி உட்கார்ந்தால் முதலில் வருவது பக்கத்து வீட்டுத் தறியாகத்தான் இருக்கும். வெறும் உடல் நெய்கிறபோது ஒரு நடை, கோர்வைக்கு நாடா மாறுகிறபோது இன்னொரு நடை, அட்டை ஒன்று திரும்புகிறபோது மேலே மரத்தில் ஒரு தட்டு. நாலுக்குள் அடங்காத எண்ணிக்கை. பையன் அதைப் போனில் பதிவு செய்து, வெட்டி, லூப்பாக்கி, மேலே ஒரு மெட்டும் போட்டுவிடுவான். அவனிடம் மெட்டைப் பற்றி எதுவும் சொல்வதற்கு முன், அந்தத் தறிக்காரரிடம் கேட்டாயா என்று கேட்பேன். கேட்டால், இந்தச் சத்தம் உனக்கு எதற்கு என்பார் அவர். அதற்கு இவன் என்ன சொல்கிறான் என்று பார்க்க வேண்டும்.