விதைக்கு விட்ட காய்

வீட்டுக் கொல்லையில் கத்தரிச் செடி வளர்ப்பவர் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு சிறு சோதனையைச் சந்திக்கிறார். இரண்டு மூன்று பறிப்புகள் முடிந்திருக்கும். அப்போது இலை மறைவில் ஒரு காய், மற்றவற்றைக் காட்டிலும் திரட்சியாக, பளபளப்பாக, புழு தீண்டாமல் தொங்குவது கண்ணில் படும். பறித்தால் அன்றைய குழம்புக்கு ஆகும். பறிக்காமல் விட்டால் அது மெல்ல நிறம் மாறி, மஞ்சளாகி, தோல் தடித்து, உண்ணத் தகாததாகிவிடும். ஆனால் அடுத்த ஆண்டுக்கு விதையாகும். நாட்டு விதைகளைப் போற்றி வளர்ப்போர் அந்தக் காயின் காம்பில் ஒரு நூலையோ துணி நாடாவையோ கட்டிவைப்பதுண்டு. வீட்டில் யாரும் தவறிப் பறித்துவிடக் கூடாது என்பதற்காக.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு ரகங்களில் இந்தச் சோதனை எழுவதில்லை. அவற்றின் காயிலிருந்து எடுத்த விதையும் முளைக்கும். ஆனால் தாய்ச் செடியின் குணத்தை அப்படியே தராது. ஒன்று நெட்டையாகும், ஒன்று குட்டையாகும். ஒன்று காய்க்கும், ஒன்று பேருக்குப் பூக்கும். ஆகவே பருவந்தோறும் புதிய பொட்டலம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். விளைந்தது அனைத்தையும் உண்டு தீர்க்கலாம். எதையும் விட்டுவைக்கும் பொறுப்பு இல்லை. மரபு விதையை ஏற்றவருக்கோ விளைச்சலில் ஒரு பங்கு தம்முடையது அன்று. அது இன்னும் பிறவாத ஒரு செடிக்கு உரியது. அச்செடியின் காயை உண்ணப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கு உரியது.

சோதனை பறிப்பதா விடுவதா என்பதோடு முடிவதில்லை. எதை விடுவது என்பதில்தான் மனம் தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறது. நல்ல காய்களையெல்லாம் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, பருவம் ஓய்ந்தபின் வாடிய செடியில் எஞ்சிய கூழைக் காயை விதைக்கு விடலாமே என்று அது யோசனை சொல்லும். அதுவும் விதைதானே, முளைக்கத்தானே செய்யும் என்று வாதிடும். முளைக்கும், ஐயமில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு இப்படியே செய்தால் கடைசியில் காய்ப்பதும் நோஞ்சானாக நிற்பதுமே தேர்வு பெற்று, சில தலைமுறைகளில் அந்த வகையே தன் சிறப்பை இழந்துவிடும். கெடுத்தவர் யார் என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. எந்தக் குற்றமும் நிகழவில்லை. நல்லது தனக்கும் மிச்சம் பிறருக்குமாகப் போயிற்று, அவ்வளவுதான்.

கடோபநிஷதம் இப்படியொரு காட்சியுடன்தான் தொடங்குகிறது. வாஜசிரவஸ் அனைத்தையும் அளிக்க வேண்டிய வேள்வி ஒன்றைச் செய்கிறார். ஆனால் தானமாக ஓட்டிச் செல்லப்படும் பசுக்களோ நீரும் புல்லும் உண்டு முடித்தவை, பால் வற்றியவை, இனிக் கன்று ஈனாதவை. சிறுவனான நசிகேதன் அதைக் காண்கிறான். அவன் உள்ளத்தில் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். தந்தை சடங்கில் பிழை செய்யவில்லை. பசு என்ற எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆயினும் கொடுப்பவருக்கு இனிப் பயன்படாததைக் கொடுப்பது கொடையாகுமா என்ற கேள்வி அச்சிறுவனை யமனின் வாசல் வரை அழைத்துச் சென்றது. கொல்லையில் கூழைக் காயை விதைக்கு விடும் கையும் அந்த வேள்விச் சாலையில் நின்ற கையும் ஒன்றே.

காயை விட்டாயிற்று; இனி அதற்குச் செய்ய வேண்டிய பணிவிடைகள் உண்டு. கத்தரி நன்கு மஞ்சளாகிப் பழுத்தபின் பறித்து, பிசைந்து நீரில் கரைத்தால் முற்றிய விதை அடியில் தங்கும்; பொக்கு மிதந்து போகும். தக்காளி விதையைச் சுற்றிப் பசை போன்ற ஓர் உறை உண்டு. பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுப்பது அது. சதையோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால்தான் அந்த உறை நீங்கும். அவரையைச் செடியிலேயே காயவிட்டு, நெற்று குலுங்கும் ஓசை கேட்டபின் எடுக்க வேண்டும். பூசணிதான் தொல்லை தருவது. அதன் பூவுக்கு வரும் தேனீ பக்கத்துத் தோட்டத்துப் பூசணியின் மகரந்தத்தையும் சுமந்து வரும். வகை கலக்காமல் காக்க விரும்புவோர் மறுநாள் மலர இருக்கும் பெண் மொட்டை முதல் நாள் மாலையே நூலால் கட்டிவைத்து, காலையில் தம் கொடியின் ஆண் பூவைக் கொண்டு தடவி, மீண்டும் கட்டிவிடுகிறார்கள். எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, மண்கலத்திலோ காய்ந்த சுரைக்குடுக்கையிலோ இட்டு வாய் மூடுவர். பூசணி, சுரை விதைகளைப் பசுஞ்சாணத்தில் பொதிந்து சுவரில் அப்பிவைக்கும் வழக்கமும் உண்டு.

இத்தனை அக்கறையைக் காணும் ஒரு சாதகனுக்கு ஓர் ஐயம் எழலாம். இது பற்று அல்லவா? சாஸ்திரங்கள் விதையைப் பற்றிப் பேசும்போது பல இடங்களில் அதை அழிக்கவே சொல்கின்றன. ஆசை ஒரு விதை; வறுத்துவிட்டால் அது முளைக்காது என்பது யோக நூல்களின் கருத்து. வேகவைத்த நெல் முளைக்காது, ஞானத்தீயில் வெந்தவனுக்கு மறுபிறவி இல்லை என்ற உவமையை ஸ்ரீராமகிருஷ்ணர் கூறுவதுண்டு. அப்படியிருக்க, அடுத்த ஆண்டுக் கத்தரிக்காயைப் பற்றி இந்த ஆண்டே கவலைப்படுபவன் எந்த விதையை வறுத்தான்? 'எங்கள் பாட்டி காலத்து விதை', 'எங்கள் ஊர் விதை' என்ற பெருமையும் சேர்ந்துகொண்டால் கட்டு இன்னும் இறுகும். அந்தப் பெருமைக்குப் பெரிய ஆதாரமும் இல்லை. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்ச்சுகீசியர் கடல் வழி கண்டபின் இந்நாட்டு மண்ணுக்கு வந்தவை. இன்று நாட்டுத் தக்காளி என்று கொண்டாடப்படுவதும் ஒருநாள் யாரோ அந்நியர் கை மாற்றித் தந்த விதையே.

ஆனால் அதே சாஸ்திரம் விதையை வேறு விதமாகவும் பேசுகிறது. கீதையில் பகவான் எல்லா உயிர்களுக்கும் என்றுமுள்ள விதை தாமே என்கிறார். அழிவற்ற விதை என்று ஒன்பதாம் அத்தியாயத்தில் மீண்டும் சொல்கிறார். சாந்தோக்கியத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை ஓர் ஆலம்பழம் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளக்கச் செய்து, உள்ளிருக்கும் நுண்ணிய விதையையும் பிளக்கச் செய்கிறார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்கிறான் மகன். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்மையிலிருந்துதான் இப்பேராலமரம் நிற்கிறது என்று தொடங்கி, அதுவே நீ என்று முடிக்கிறார் தந்தை. வறுக்கச் சொன்னது 'நான்' என்னும் விதையை. வணங்கச் சொன்னது உயிரின் விதையை. இரண்டும் ஒரே மண்கலத்தில் கிடப்பதுதான் சங்கடம். எது எது என்று பிரித்தறிய, உலர்ந்த அமைதியில் அமர்ந்து சிந்திப்பது போதாது. பசி வந்து கதவைத் தட்ட வேண்டும்.

அப்படித் தட்டிய கதைகளுள் தமிழர் நன்கறிந்தது இளையான்குடி மாற நாயனாருடையது. செல்வமெல்லாம் அடியார்க்கு அமுதூட்டியே கரைந்துபோன பின், மழை கொட்டும் ஓர் இரவில் ஓர் அடியார் வருகிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை அள்ளிவந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்கிறார் மனைவியார். நாயனார் இருளில் காலால் தடவி வழியறிந்து, நீரில் மிதந்து ஒதுங்கிய முளைநெல்லைக் கூடையில் வாரி வருகிறார்; வீட்டின் வரிச்சுகளை அறுத்து விறகாக்குகிறார்; இன்னும் வளர்ந்து முற்றாத கீரையையும் பறித்துத் தருகிறார். அடுத்த ஆண்டு முழுவதும் அந்த ஓர் இரவில் உலையில் வெந்தது.

இதற்கு நேர் எதிரானது லெனின்கிராடில் நிகழ்ந்தது. உலகம் சுற்றி விதை சேர்த்த ருஷ்ய அறிஞர் நிகோலாய் வாவிலோவ், கத்தரியின் பிறப்பிடம் இந்தியப் பகுதி என்று கணித்தவர். அவர் 1940-இல் சிறைப்பட்டு, 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். அவர் திரட்டிய விதைகளோ லெனின்கிராடில் அவருடைய நிறுவனத்தில் இருந்தன. 1941 செப்டம்பரில் தொடங்கி 1944 ஜனவரி வரை நீடித்த முற்றுகையில் நகர மக்கள் லட்சக்கணக்கில் பசியால் மாண்டனர். நெல்லும் கோதுமையும் நிலக்கடலையும் உருளைக்கிழங்கும் நிறைந்த அந்தக் கட்டிடத்தில் காவலிருந்த அறிவியலாளர் பலர், அவற்றை உண்ணாமலேயே இறந்தனர். நெல் வகைகளுக்குப் பொறுப்பானவர் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு இடையே உயிர்விட்டார்.

ஒருவர் விதைத்த நெல்லையும் தோண்டி உலையில் இட்டார். மற்றவர்கள் உயிர் போகும்போதும் ஒரு மணியைத் தொடவில்லை. மனித மனம் இருவரையும் வணங்குகிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்?

இருவருமே தமக்கென்று உண்ணவில்லை என்பது உடனே தோன்றும் விடை. நாயனார் தம் பசிக்காக வயலுக்குப் போகவில்லை. அந்த அறிஞர்கள் தம் பசிக்காகப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. விதை தம்முடையது என்ற எண்ணம் இருவரிடமும் இல்லை. ஒருவருக்கு அது வாசலில் நின்ற அடியாருடையது; மற்றவருக்கு இனிப் பிறக்கப்போகும் மக்களுடையது. இந்த விடை உண்மை. ஆனால் முழு உண்மை அன்று. லெனின்கிராடின் அந்தக் கட்டிடத்துக்கு வெளியே, தெருவில், குழந்தைகளும் பசித்திருந்தார்கள். பூட்டிய கதவுக்கு உள்ளே தானியம் இருந்தது. நாயனார் அங்கே காவலராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? இன்றிருக்கும் பசி பெரிதா, நாளை வரும் பசி பெரிதா என்று அளக்கும் தராசு யாரிடமும் இல்லை. நாயனாரின் வயல் அவருடையது, இழப்பும் அவருடையதே. அந்த அறிஞர்கள் காத்ததோ பிறர் ஒப்படைத்த பொருள். அதைக் கொடுத்துவிடும் உரிமை தமக்கு இல்லை என்று அவர்கள் கருதியிருக்கலாம். தன் பொருளைக் கொடுப்பதற்கும் அடைக்கலப் பொருளைக் கொடுப்பதற்கும் தர்மம் ஒன்றல்ல. இவ்வளவு தூரம் சொல்லலாம். அதற்கு மேல், அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தக்க நியாயம் எதுவும் எளிதில் அகப்படுவதில்லை.

கொல்லைத் தோட்டத்தில் இத்தனை கொடிய தேர்வு நேர்வதில்லை. அங்கே கேள்வி மென்மையாக வருகிறது. 'உங்கள் வீட்டுக் கத்தரி விதை கொஞ்சம் தர முடியுமா?' என்று ஒருவர் கேட்கிறார். உள்ளே எந்த விதை கிடக்கிறது என்பது அந்தக் கணத்தில் தெரிந்துவிடும். கேட்பவர் சரியாகப் பேணுவாரா, வேறு வகையோடு கலந்துவிடுவாரா, விற்றுக் காசாக்குவாரா என்றெல்லாம் மனம் கணக்கிடுகிறது. பாத்திரமறிந்து கொடு என்ற நீதி அப்போது கஞ்சத்தனத்துக்கு நல்ல போர்வையாக உதவும். ஆனால் விதைக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. வைத்திருப்பதால் அது நிலைப்பதில்லை. வெங்காய விதை ஓராண்டு கடந்தாலே முளைப்புத் திறன் வெகுவாகக் குறையும். கத்தரி விதை சில ஆண்டுகள் தாங்கும். ஓர் எலி, பருவம் தப்பிய ஒரு மழை, வீட்டில் ஒரு நோய், ஏதேனும் ஒன்று போதும், பாட்டி காலத்து விதை ஒரே ஆண்டில் அற்றுப்போக. அப்போது அது உயிரோடிருப்பது எவருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர் வீட்டில் மட்டுமே.

அப்படியானால் இந்தத் தானமும் ஒருவகைக் காப்பீடுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். திரும்பி வரும் என்று கருதிக் கொடுப்பதைக் கீதை ராஜஸ தானம் என்றே வகுக்கிறது. மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டத்தில் கோம்பால்ணே என்ற சிற்றூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண்மணி ராஹிபாய் சோமா போபெரே, பள்ளி சென்று படித்தவர் அல்லர். அவரையிலும் பிற காய்கறிகளிலும் உள்ளூர் வகைகளைத் தேடிச் சேர்த்தமைக்காக 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவரிடம் விதை பெறுவோர் விளைந்தபின் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இதை ராஜஸம் என்று தள்ளிவிட முடியுமா? திரும்பி வரும் இரு மடங்கு அவர் வீட்டு உலைக்குப் போவதில்லை. அடுத்துக் கேட்பவருக்குப் போகிறது. கொடுத்தவர் பலனை விரும்பத்தான் செய்கிறார். பலன் தமக்கென்று விரும்பவில்லை. கர்மயோகத்தைப் பற்றிய நீண்ட விவாதங்களில் அடிக்கடி நழுவிப்போகும் வேறுபாடு இது.

கர்நாடகக் கடலோரத்தில் உடுப்பிக்கு அருகே மட்டு என்ற ஊர் உண்டு. அங்கு விளையும் உருண்டையான இளம்பச்சைக் கத்தரியான மட்டு குள்ளாவின் விதையை மத்வ மரபின் மகான் வாதிராஜர் தந்தருளினார் என்பது அவ்வூராரின் நம்பிக்கை. 2011-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும் உழவருக்கு உள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்கிறது. ஆனால் சட்டத்தைப் பற்றி ஏதும் அறியாத காலத்திலிருந்தே, பருவத்தின் முதல் காய்கள் உடுப்பிக் கிருஷ்ணனுக்கு என்று அவ்வூரார் எடுத்துவைக்கிறார்கள். முதல் பறிப்பு இறைவனுக்கு, சிறந்த காய் விதைக்கு, எஞ்சியது வீட்டுக்கும் சந்தைக்கும் என்று ஒரு குடும்பம் வகுத்துக்கொண்டால், பாகம் பிரிப்பதில் வீட்டுக்காரர் மூன்றாவது இடத்தில் நிற்கிறார். அதற்காக அவர் வீட்டில் யாரும் பசித்திருப்பதாகத் தெரியவில்லை.

நூல் கட்டிய காய் பழுத்து முதிர ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். அதுவரை போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் படும். பறித்திருக்கலாமோ என்று ஓரிரு முறை தோன்றவும் தோன்றும். பின் அது கைக்கு வந்து, நீரில் கரைந்து, நூற்றுக்கணக்கான சிறு விதைகளாகத் தாளின்மேல் உலரும். ஒரு கொல்லைக்கு இருபது செடி போதும். மீதியை என்ன செய்வது என்பதை யோசிக்க அடுத்த பருவம் வரை அவகாசம் இருக்கிறது.