எந்தக் கோலத்து முருகனைச் செய்யச் சொல்லுவீங்க?

 

பூஜை அறைக்கு நாலு அங்குலத்தில் ஒரு பஞ்சலோக முருகன். கடையில் அடுக்கி வைத்திருக்கிறதில் ஒன்று இல்லை. நீங்க சொல்லுற கோலத்தில், உங்களுக்காகவே ஒரு ஸ்தபதி வார்த்துத் தரப்போகிறார். என்ன கோலம் கேட்பீங்க?

ஆளுக்கு ஒரு ஆசை இருக்கும். மயில் மேல் ஆறுமுகம் என்பார் ஒருத்தர். வள்ளி தெய்வானையோடு கல்யாணக் கோலம் என்பார் இன்னொருத்தர். பிள்ளை வரம் கேட்டு விரதம் இருக்கிறவங்களுக்குப் பாலமுருகன். நம்ம ராதாபுரத்துக்காரங்களுக்கு வள்ளியூர் குகைக்குள்ளே நிற்கிறவரும், செந்தூர்க் கடற்கரையில் நிற்கிறவரும் கண்ணுக்குள் வந்து போவாங்க. குமார தந்திரத்தைத் திறந்தால் இன்னும் இருக்கு: யானை மேல் கஜவாகனர், பிரம்மனைத் தண்டித்த பிரம்மசாஸ்தா, மலையைப் பிளந்த கிரௌஞ்சபேதனர். ஆசைக்கும் குறைவில்லை, கோலத்துக்கும் குறைவில்லை.

ஒரு கோலத்தை மட்டும் கேட்க நிறைய பேருக்குத் தயக்கம் உண்டு. பழனி ஆண்டிக் கோலம். "ஆண்டியை வீட்டுல வச்சா வீடும் ஆண்டியாயிரும்" என்று ஒரு பயம். பழனியில் அதே மூர்த்திக்குத்தான் அதிகாலையில் சந்நியாசிக் கோலம், சாயரட்சையில் ராஜ அலங்காரம். ராஜாவை மட்டும் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, ஆண்டியை மலையிலேயே இருக்கச் சொன்னால், நாம் கேட்டது முருகனையா, ராஜாங்கத்தையா? இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

அப்படியானால் நமக்குப் பிடித்த கோலத்தைக் கேட்பதே தப்பா? தப்பில்லை. அடியார் நினைக்கிற வடிவில் வருகிறவன் அவன். ஆனால் கோலத்தைத் தேர்ந்தெடுப்பதோடு நம் இஷ்டம் முடிந்துவிடுகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னோலை நறுக்கை மடித்துத் தாள அளவு குறிக்கிறார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, எந்தக் கையில் என்ன ஆயுதம் என்பதைச் சாஸ்திரமும் தியான சுலோகமும் சொல்கின்றன. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை உடைத்துத்தான் சுவாமியை எடுக்க முடியும். அச்சு ஒரே ஒரு பிறவிக்குத்தான். "என் பேரன் முகச் சாயல்ல செஞ்சு தாங்க" என்று கேட்டால் பேரன் பொம்மை கிடைக்கலாம், கும்பிடுகிற மூர்த்தி கிடைக்காது.

நம்ம நெல்லைச் சீமையிலேயே, சொல்லிச் செய்வித்த ஒரு விக்கிரகத்தின் கதை இருக்கிறது. 1648-ல் டச்சுக்காரர்கள் திருச்செந்தூர்க் கோயிலைப் பிடித்துக்கொண்டு, உற்சவர் சண்முகரைக் கப்பலில் கொண்டுபோனார்கள். கடலில் புயல் எழுந்ததும் பயந்துபோய்ச் சுவாமியைக் கடலிலேயே போட்டுவிட்டார்கள் என்பது தல வரலாறு. அப்போது மதுரை திருமலை நாயக்கரின் ஆட்சி. இந்தப் பக்கத்து நிர்வாகத்தில் இருந்த வடமலையப்ப பிள்ளை, மனம் பொறுக்காமல் அதே போல ஒரு பஞ்சலோகச் சண்முகரைச் செய்யச் சொன்னார். அதற்குள் அவர் கனவில் முருகன் வந்தான். எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் இடத்தில் தேடு என்றான். 1653-ல் பழைய சண்முகர் கடலிலிருந்து திரும்பி வந்தார்.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்க. வடமலையப்பர் தன் ஆசைக்கு ஒரு புதுக் கோலம் கேட்கவில்லை. ஊர் எதை இழந்து தவித்ததோ அதைக் கேட்டார். இரண்டாவது, மூல மூர்த்தி கிடைத்துவிட்டதே, இனி இது எதற்கு என்று புதுசை உருக்கிவிடவில்லை. பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு சிவன் கோயிலில் அவரை எழுந்தருளச் செய்தார்கள். ஒரு தடவை வரச் சொன்ன சாமியை, தேவை முடிந்தது என்று போகச் சொல்லவில்லை.

இன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்? ஊருக்கு ஊர் அரசமரத்தடியைப் போய்ப் பாருங்க. கண்ணாடி உடைந்த முருகன் படம், மூக்கு மழுங்கின பிள்ளையார், மழையில் ஊறின லட்சுமி. ஒரு காலத்தில் யாரோ ஆசை ஆசையாய் வாங்கி, பொட்டு வைத்துக் கும்பிட்ட சாமிகள்தான் எல்லாம். புதுசு வந்ததும் பழசு மரத்தடிக்குப் போனது. ஆச்சி போன பிறகு, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் விளக்கில்லாமல் இருக்கிற சாமிகள் எத்தனை! வீட்டு விக்கிரகம் சின்னதாகவே இருக்கட்டும் என்று பெரியவங்க சொன்னது இதற்காகத்தான் என்று தோன்றுகிறது. பெரிய மூர்த்தி என்றால் அபிஷேகம், நைவேத்தியம் ஒரு நாளும் தவறக்கூடாது. சின்னது என்றாலும் விளக்காவது வேண்டாமா?

ஆகவே "எந்தக் கோலம் எனக்குப் பிடிக்கும்" என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வோம். இந்தக் கோலம் என்னிடம் என்ன கேட்கும்? எனக்குப் பிறகு இதற்கு யார் விளக்கேற்றுவார்? ஆண்டிக் கோலம் பற்றை விடச் சொல்லும். கல்யாணக் கோலம் வீட்டில் சண்டையை விடச் சொல்லும். செந்தூர் மூலவரைப் பாருங்க. சூரனை வென்றவர், வெற்றிப் பெருமிதத்தில் நிற்கவில்லை. கையில் பூவோடு சிவபூஜை செய்கிறார். ஜெயித்த பிறகும் பணிந்து நில் என்று கேட்கிற கோலம் அது. அதைச் செய்யச் சொல்லுகிறவர் அந்தப் பணிவுக்கும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு பதில் கிடைத்தால், தைரியமாக ஸ்தபதியிடம் போங்க. கிடைக்காவிட்டால் மனசு நோக வேண்டாம். ஒரு சின்னப் பித்தளை வேல் போதும். இருக்கிற படத்தைத் துடைத்து, செவ்வாய்க்கிழமை ஒரு முழம் பூ போட்டாலும் போதும். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!