வினை யாருடையது?

திருநங்கைகள் ஏன் இவ்வளவு துன்பப்படுகிறார்கள் என்று கேட்டால் நம் ஊர்களில் சட்டென்று வரும் பதில், "போன ஜென்மத்துப் பாவம்" என்பதுதான். இரக்கத்தோடும் அதைச் சொல்வார்கள், கதவைச் சாத்திக்கொண்டும் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும், துன்பம் அவர்களோடு கூடப் பிறந்தது, அதில் மற்றவர்களுக்குப் பங்கில்லை என்றே ஆகிறது.

உண்மையிலேயே கூடப் பிறந்ததுதானா? மெக்சிகோ நகரில் ரெபேக்கா ரோப்லெஸ் தலைமையிலான குழு ஒரு மருத்துவ மையத்துக்கு வந்த திருநர் (திருநங்கைகள், திருநம்பிகள்) 250 பேரிடம் அவர்களுடைய வளரிளம் பருவத்தைப் பற்றி விரிவாக விசாரித்தது. முக்கால்வாசிப் பேர் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். 63 சதவீதம் பேர் அடி, வசவு போன்ற வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். பெரும்பாலும் இவற்றைச் செய்தவர்கள் சொந்த வீட்டார். மனவேதனையும் அன்றாட வாழ்க்கை முடங்கியதும் பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகாத நிலையைவிட இந்தப் புறக்கணிப்போடும் வன்முறையோடும்தான் நெருக்கமாகப் பிணைந்திருந்தன. 2016இல் வெளியான ஆய்வு இது. 2019இல் உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில், திருநர் நிலை மனநோய்களின் வரிசையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது.

ஒரே மையத்துக்கு வந்த 250 பேர் எல்லாருக்குமாகப் பேச முடியாதுதான். மருத்துவமனைப் படியேறவே அஞ்சுபவர்களின் கதை அதில் இல்லை. அந்த அச்சம் எங்கே தொடங்குகிறது என்பதை வெளிநோயாளர் பிரிவில் நின்று பார்த்தால் தெரியும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. சீட்டிலோ பிறந்தபோது வைத்த பெயர். புடவை கட்டிய ஒருவரை அந்தப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டதும் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவர் அந்தப் பார்வைகளையும் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

பெயர் சின்ன விஷயமல்ல. அமெரிக்காவில் ஸ்டீபன் ரஸ்ஸலும் அவருடைய சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 129 திருநர் இளையோர் கலந்துகொண்டார்கள். வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என நான்கு இடங்களில் தாங்கள் விரும்பிய பெயரால் எங்கெல்லாம் அழைக்கப்படுகிறார்கள் என்று கேட்டார்கள். அப்படி அழைக்கப்படும் இடம் ஒன்று கூடினாலே தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் துன்பம் பிறவியிலேயே ஊறியிருந்தால், பள்ளியில் ஆசிரியர் பெயரை மாற்றிக் கூப்பிடுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்?

வினைக் கொள்கையை நம்புபவரும் அதை முழுவதுமாக நம்ப வேண்டும். சைவ சித்தாந்தம் இப்போது அனுபவித்துக் கழிக்கும் வினையைப் பிராரத்தம் என்கிறது. இப்போது புதிதாகச் செய்து சேர்த்துக்கொள்வதை ஆகாமியம் என்கிறது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளையின் பிராரத்தத்தைப் பற்றி ஊரே பேசுகிறது. துரத்திய தகப்பனின் ஆகாமியத்தை யாரும் பேசுவதில்லை. பாதிக் கொள்கையை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பு எழுதுகிறோம்.

இதே மண்ணில் வேறொரு பதிலும் உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில், சித்திரைத் திருவிழாவில், கூத்தாண்டவர் முன்னிலையில் திருநங்கைகளின் கழுத்தில் பூசாரி தாலி கட்டுகிறார். பாரதப் போருக்காகக் களப்பலியாகப் போகும் அரவானை (அவனே கூத்தாண்டவர்) மணக்கக் கண்ணனே மோகினியாக வந்தான் என்பது ஐதீகம். அங்கே உருமாற்றம் பாவத்தின் தண்டனையல்ல, கடவுள் தானாக ஏற்ற வடிவம். மறுநாள் தாலியறுத்து வெள்ளைப் புடவை உடுத்தி அவர்கள் ஊர் திரும்புகிறார்கள். கோயிலில் கிடைத்த மதிப்பு ஊருக்கு வருவதில்லை. திருநம்பிகளுக்கோ அந்த ஒரு நாளும் இல்லை.

மதிப்பு மட்டுமல்ல, எண்ணிக்கையும் சரியாக வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண், பெண் அல்லாத மூன்றாவது பிரிவில் இந்தியா முழுவதும் 4,87,803 பேரைப் பதிவுசெய்தது. வாசலில் நின்று கேட்கும்போது பெரும்பாலும் ஒருவரே வீட்டிலுள்ள எல்லாருக்கும் பதில் சொல்கிறார். பிள்ளையை மறைக்க நினைக்கும் தந்தையின் வாயிலிருந்து எந்த எண் வரும்? அடுத்து யார் கணக்கெடுத்தாலும் அவரவரிடமே தனியாகக் கேட்க வேண்டும். வீட்டில் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள், கடைசியாக மருத்துவமனைக்குப் போனது எப்போது, அங்கே எந்த வரிசையில் நிற்கச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.