ஓதிய தண்ணீரும் மருத்துவர் தரும் மாத்திரையும்

சம்பா நடவு முடிந்த சமயம். அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். “ஹஜ்ரத், மகளுக்குத் தண்ணீர் ஓதித் தரவேண்டும்” என்றார். மருமகன் சபுரில். மகள் பிள்ளை பெற்று மூன்று மாதம். விடியுமுன்பே விழித்துக் கொள்கிறாள். ஆனால் எழுந்து ஸுப்ஹு தொழ உடம்பு வருவதில்லை. சோறு இறங்கவில்லை. குழந்தை அழுதாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. “அத்தா, நான் எல்லோருக்கும் பாரம்” என்பது மட்டுமே அவள் பேச்சு. ஜின் கோளாறு என்பார் ஒருவர், ஈமான் பலவீனம் என்பார் இன்னொருவர். ஏர்வாடியில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்பதே பெரியவரின் கேள்வி.

நாம் ஓதிக் கொடுத்தோம். ஆனால் ‘விட்டுவிடலாமா’ என்ற சொல் நம்மை உறுத்திற்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. அத்தகையோரை அங்கே கொண்டு சேர்த்தவர்கள் பகைவர்களா? பெரும்பாலும் பெற்றோரும் உடன்பிறந்தோருமே! தர்காவுக்குச் செல்வோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பின்னாளில் அவ்வூரிலேயே துஆவோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது.

ஈமான் பலவீனம் என்போர் ஸூரா யூஸுஃபை ஓதிப் பார்க்கட்டும். மகனைப் பிரிந்த துயரத்தில் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. அவர்களுக்கா ஈமான் குறைவு? துயரம் வேறு, நோய் வேறு என்பதும் உண்மையே. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், காரணம் தெரிந்த கவலையையும் காரணம் தெரியாமல் உடலிலிருந்தே எழும் கவலையையும் பிரித்து எழுதியிருக்கிறார். நாம்தான் இரண்டையும் குழப்பிக் கொண்டு, நோயாளியைக் கண்டிக்கிறோம். சிகிச்சை செய்யலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள், செய்யுங்கள் என்றே பதிலளித்தார்கள். முதுமை தவிர மருந்தில்லாத நோயில்லை என்றும் அறிவித்தார்கள். மனநோய்க்கு அதில் விலக்கு ஏது?

வாட்டமும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்திற்கு மேல் விலகாவிட்டால், உறக்கமும் உணவும் கெட்டால், காத்திராதீர்கள். ஆண்களிடம் இது எரிச்சலாகவும், முதியோரிடம் தீராத உடல்வலியாகவும் தலைகாட்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் பெண்களுக்கு வருவதுண்டு. “சாகலாம் என்று தோன்றுகிறதா?” என்று கனிவோடு கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘ஆம்’ என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நம் காவிரிப் படுகை வீடுகளில் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து திண்ணை மூலையிலேயே கிடக்கிறது. முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்! இரவு நேரமானாலும் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை கேட்கலாம்.

பெரியவரைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். “சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். பால் கொடுக்கிறாள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்” என்றோம். பத்து நாளில் திரும்பி வந்தார். “மருந்து கேட்கவில்லை, நிறுத்திவிடட்டுமா?” இம்மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும்; குணம் தெரிந்த பின்னும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. இதை அவருக்குப் புரிய வைப்பதற்குள் மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

இப்போது அவள் குழந்தையைத் தானே குளிப்பாட்டுகிறாளாம். தொழுகை சில நேரம் தவறுகிறது என்று தாயார் குறைப்படுகிறார். கடிந்து பேச வேண்டாமென்று சொல்லியிருக்கிறோம். வரும் ரமளானில் மாத்திரையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்று மருத்துவரிடமே கேட்க வேண்டும். கூடாது என்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அவளுக்கும் உண்டு.