ஜாபிதா

நாளைக்குச் செய்ய வேண்டிய காரியங்களை முதல் நாள் இரவே ஒரு தாளில் ஜாபிதா எழுதி வைப்பது என் பழக்கம். பெஞ்சமின் பிராங்க்ளின் நாளின் 24 மணி நேரத்தையும் கட்டம் போட்டுப் பங்கிட்டு வைத்திருந்ததைத் தம் சுயசரிதையில் காட்டியிருக்கிறார். தாம் பழக முயன்ற 13 நற்குணங்களில் தம்மை அதிகம் தொல்லைப்படுத்தியது ஒழுங்குதான் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். அதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

அந்த ஆறுதல் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரு நாள் என் தாளை எடுத்துப் பார்த்த மனைவி, "இது என்ன, மின்சாரக் கட்டணத்துக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நடுவிலே 'மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நண்பர் ஒருவர் என்னை நம்பிச் சொன்ன குடும்பத் துயரத்தை, பெயர்களை மட்டும் மாற்றி, நான் கதையாக்கிவிட்டேன். பலர் பாராட்டினார்கள். அவர் மட்டும் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. 'ஞாயிறு மாலை, நேரில்' என்று குறித்துக்கொண்டேன். ஞாயிறு வந்தது, போயிற்று. அந்த வரியை அடுத்த தாளுக்கு மாற்றி எழுதினேன். இப்படியே ஐந்து மாதம்!

1927-ல் ப்ளூமா ஸைகார்னிக் என்ற பெண்மணி, தாம் பெர்லினில் செய்த சோதனைகளை வெளியிட்டார். முடித்த வேலைகளைவிடப் பாதியில் நின்ற வேலைகளே நினைவில் அதிகம் தங்குகின்றன என்று கண்டார். பின்னால் செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் அதே விடை கிடைக்கவில்லை. என் அனுபவம் என்னவோ அந்த அம்மாள் பக்கம்தான். 2011-ல் மாஸிகாம்போ, பௌமெய்ஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். முடியாத காரியத்தை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டாலே, காரியம் அப்படியே கிடந்தாலும், மனத்தின் உறுத்தல் அடங்கிவிடுகிறதாம்.

மின்சாரக் கட்டணத்துக்கு இது நல்ல மருந்து. அதை நினைத்து ராத்திரி விழித்திருப்பதில் யாருக்கு என்ன லாபம்? ஆனால் நண்பர் விஷயத்தில் அந்த உறுத்தல் ஒன்றுதானே என்னிடம் மிஞ்சியிருந்த யோக்கியதை? அதையும் காகிதத்திடம் ஒப்படைத்துவிட்டு ஐந்து மாதம் சுகமாகத் தூங்கியிருக்கிறேன்! மறக்காமலிருக்க எழுதினேன் என்று வேறு சொல்லிக்கொண்டேன். மறந்துவிடக்கூடிய விஷயமா அது?

அன்று இரவு புதுத் தாளில் அந்த வரியை எழுதாமல் விட்டேன். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தூக்கம் போயிற்று. எட்டாம் நாள் காலை (அது ஞாயிறுகூட இல்லை, புதன்கிழமை) அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

காபி கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அந்தக் கதையை என் தங்கை படித்துவிட்டாள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.