தன்னையே நினைக்கும் தங்கை

வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் உண்டு. கலியாண வீட்டில் எல்லாரும் வேலையாயிருக்கும் நேரம் பார்த்துத் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். பலகாரத் தட்டு தனக்குக் கடைசியாக வந்ததை மூன்று வருஷம் மறக்கமாட்டாள். பிறர் துக்கத்தைக் கேட்க உட்கார்ந்தால், ஐந்து நிமிஷத்தில் பேச்சு அவள் துக்கத்துக்குத் திரும்பிவிடும். இத்தகையவளைப் பற்றி நாம் என்ன தீர்மானம் செய்வது? "சுயநலக்காரி" என்ற ஒரே சொல்லில் வழக்கை முடித்துவிடலாமா?

சொந்தக்காரரை வைத்து இதை ஆராயப் புகுந்தால் சண்டைதான் மிஞ்சும். ஆகையால் கதையில் வரும் ஒருத்தியை வைத்து ஆராய்வோம்.

ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியை 1817-ம் ஆண்டு ஜூலை மாதம், தமது 41-வது வயதில் காலமானார். அவர் எழுதி முடித்த கடைசி நாவலாகிய 'பெர்சுவேஷன்' அவ்வாண்டு டிசம்பரில்தான் வெளிவந்தது. அதில் சர் வால்டர் எலியட் என்னும் பட்டமுள்ள சீமானுக்கு எலிசபெத், ஆன், மேரி என்று மூன்று பெண்கள். கடைக்குட்டி மேரிதான் நம் வழக்கில் நிற்பவள்.

அவள்மீது சாட்டப்படும் குற்றங்கள் யாவை? அக்காள் ஆன் வந்து பார்க்கும்போது மேரி சோபாவில் கிடக்கிறாள். பேசவும் சக்தியில்லை, காலையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று முறையிடுகிறாள். ஆன் சற்று நேரம் பக்கத்திலிருந்து இதமாகப் பேசியதும் எழுந்து உட்காருகிறாள், பூக்களை ஒழுங்குபடுத்துகிறாள், இறைச்சி சாப்பிடுகிறாள், உலாவி வரலாம் என்கிறாள்! பிறகொரு நாள் அவளுடைய சிறு பையன் கீழே விழுந்து, கழுத்துப்பட்டை எலும்பு பிசகிப் படுக்கையில் கிடக்கிறான். மறுநாள் மாமனார் வீட்டில் விருந்து. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆன் சொன்னதுதான் தாமதம், மேரி விருந்துக்குப் புறப்பட்டுவிட்டாள்.

படிக்கிறவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "பெற்ற தாயா இவள்?" ஆனால் அதே பக்கங்களைத் திரும்பப் பாருங்கள். விருந்துக்குப் போவதென்று முதலில் தீர்மானித்தவன் அவள் புருஷன் சார்லஸ். பிள்ளைக்குச் சீக்கானால் தகப்பனுக்கு அங்கே வேலையில்லை, அது பெண்கள் பாடு என்பது அவன் நியாயம். பிள்ளையை விட்டுப் போனவர்கள் இருவர், பழியோ ஒருத்திக்கு. நம் வீடுகளிலும் இது நடக்கிறதா, இல்லையா?

இன்னும் ஒன்று. மேரிக்குப் பத்து வயதுக்குள்ளாகவோ அதையொட்டியோ தாய் இறந்துபோனாள். தகப்பனார் தம் அழகையும் பட்டத்தையும் கண்ணாடியில் பார்த்து மகிழ்கிறவர். அவருக்குப் பிரியமான மகள் மூத்தவள் எலிசபெத் ஒருத்தியே. சார்லஸும் முதலில் ஆனைத்தான் கேட்டான். அவள் மறுத்தபின்பே தங்கையை மணந்தான். ஆக, தாய் போன நாள்முதல் எவருக்கும் தான் முதல்வியாக இருந்து அறியாதவள் மேரி. சீக்கு என்று படுத்தால் நாலுபேர் வருவார்கள் என்பதே அவள் கற்ற பாடம்.

"அப்படியானால் அவள்மேல் குற்றமே இல்லை என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதே தாயை இழந்து, அதே தகப்பனாரால் அலட்சியம் செய்யப்பட்டவள்தானே ஆனும்? அவள் வேறு விதமாக வளர்ந்தாள். காரணம் வேறு, நியாயம் வேறு. நம் ஒகேனக்கல்லில் காவிரி பொங்கி வரும்போது, இங்கே ஒரு துளி மழையும் பெய்திராது. மழை பெய்தது குடகிலே, வயநாட்டிலே. இதை அறிந்தவன் ஆற்றைத் திட்டமாட்டான். ஆனால் மழை எங்கோ பெய்தது என்பதற்காக அந்த வெள்ளத்தில் பரிசலை இறக்கவும் மாட்டான். மனிதர் விஷயத்திலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும்.

இரண்டாவதை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் அக்கதையே காட்டுகிறது. லைம் என்னும் கடற்கரை ஊரில், சார்லஸின் தங்கை லூயிசா படியிலிருந்து குதித்து விழுந்து நினைவிழக்கிறாள். பணிவிடைக்குத் தகுந்தவள் ஆன்தான் என்று முடிவாகிறது. மேரி விடவில்லை, நாத்தனாருக்குத் துணை நானா, இவளா என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அவளோடு வாதாட மனமில்லாமல் எல்லாரும் இணங்கிவிடுகிறார்கள். நஷ்டம் யாருக்கு? படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு. கூச்சலுக்குப் பயந்து விட்டுக்கொடுப்பது அன்பல்ல. நம் சௌகரியத்துக்காகப் பிறர் பங்கை எடுத்துக் கொடுப்பதாகும்.

சந்தேகமான காரியத்தில் பிறரை நல்லவிதமாகவே எண்ணவேண்டும் என்றும், அதனால் சில சமயம் ஏமாந்துபோனாலும் நல்லவனைத் தீயவனாக எண்ணுவதைவிட அதுவே மேல் என்றும் அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் கற்பிக்கிறார். இது செயலுக்குச் சொல்லும் தீர்ப்பைத் தடுப்பதல்ல. பிள்ளையை விட்டுப் போனது தவறு என்று தாராளமாகச் சொல்லலாம். அவள் உள்ளம் முழுதும் அழுகியது என்று சொல்லத்தான் நமக்கு அதிகாரமில்லை. மேலும், கதை முழுவதும் ஆனின் பக்கத்தில் நின்றே நாம் மேரியைப் பார்க்கிறோம். வீட்டிலும் ஒருத்தி சொன்ன குறையைக் கேட்டே மற்றவளை எடைபோடுகிறோம்.

ஆகையால், கிறிஸ்தவக் குடும்பத்தாரே, உங்கள் வீட்டு மேரிக்கு என்ன செய்வீர்கள்? அவள் தலைவலி என்று படுக்காத நாளில் போய் உட்கார்ந்து பேசுங்கள். சீக்கானால்தான் கவனிப்பார்கள் என்ற பாடம் அப்போதுதான் மறக்கும். அவளுடைய ஒரு நல்ல காரியத்தை நாலுபேர் முன் சொல்லுங்கள். நியாயமில்லாததைக் கேட்டாலோ, கோபமில்லாமல், ஆனால் உறுதியாக, "இது முடியாதம்மா" என்று சொல்லுங்கள். வளரும் பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்றைக்கு எத்தனை தரம் அன்போடு கூப்பிட்டோம் என்று இரவு ஜெபத்துக்கு முன் ஒவ்வொரு தாயும் தகப்பனும் எண்ணிப் பார்ப்பது நலம்.