மடிந்த பிறகு ஓடும் நீர்

(தவக்காலம் 5ஆம் ஞாயிறு – யோவான் 12: 20-33)



கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் மிகுந்த விளைச்சல் தரும் என்று ஆண்டவர் சொன்னதை இப்போதுதான் வாசிக்கக் கேட்டோம். பலமுறை கேட்ட பகுதி. கேட்டுக் கேட்டு அதன் கனம் நமக்குக் குறைந்துபோயிருக்கலாம். அதனால் இன்று மரங்களை ஆராய்ந்தவர்கள் கண்டதை வைத்து இதைத் தியானிப்போம்.

இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலிக்கன் குரு இருந்தார். தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியை எடுத்து, மண்ணின் ஈரம் வெளியே போகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடை போட்டார். எடை குறைந்துகொண்டே வந்தது. குறைந்த நீர் இலை வழியாகவே போகிறது என்று கண்டு, 1727இல் நூலாக வெளியிட்டார். பங்குப் பணியில் இருந்துகொண்டே செய்த வேலை இது. அறிவியல் படித்தால் பிள்ளை கோயிலை விட்டுப் போய்விடுமோ என்று அஞ்சும் பெற்றோர் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நீர் எப்படி மேலே ஏறுகிறது? மேலிருந்து உறிஞ்சும் பம்பு சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரைத் தூக்காது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களில் 115 மீட்டர் உயர்ந்தவையும் உண்டு. அவற்றின் உச்சி இலைக்கும் நீர் போய்ச் சேருகிறது. இதற்கு 1894இல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இருவர் விடை சொன்னார்கள். இலையில் நீர் ஆவியாகும்போது, அதைப் பற்றிக்கொண்டிருக்கும் நீர் மேலே இழுபடுகிறது. இப்படி வேர்வரை ஒரே கயிறாக நீர் வருகிறது.

நீர் வரும் பாதையைத்தான் இன்று நீங்கள் கவனிக்க வேண்டும். சைலம் என்று பிள்ளைகள் பாடத்தில் படிப்பார்கள். அந்தக் குழாயின் ஒவ்வொரு துண்டும் ஒருகாலத்தில் உயிருள்ள செல். அது முதலில் வளர்ந்து நீளுகிறது. பிறகு தன் சுவரைத் தடிப்பாக்கி, லிக்னினால் இறுக்குகிறது. அது முடிந்ததும் உள்ளே இருக்கும் பை உடைந்து, அதிலிருந்து வரும் நொதிகள் உட்கரு முதற்கொண்டு எல்லாவற்றையும் கரைத்துவிடுகின்றன. சுவர் மட்டும் மிஞ்சுகிறது. உயிரோடு இருந்தவரை அதன் வழியே நீர் தடையின்றி ஓட முடியாது. மடிந்த பிறகுதான் ஓடுகிறது, ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. தேக்குப் பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள், பொடிப்பொடித் துளைகள் தெரியும். அவை அந்தக் குழாய்களே. பெரிய வெள்ளியன்று நாம் முத்தி செய்யப்போகும் மரச் சிலுவையும் அப்படி மடிந்த செல்களின் சுவர்களால் ஆனதுதான்.

செல்லுக்கு மனம் கிடையாது. அது தியாகம் செய்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டவர் அப்படியல்ல, தம் உள்ளம் கலங்கியதை இதே நற்செய்திப் பகுதியில் மறைக்காமல் சொல்கிறார். கலங்கியும் விலகிப் போகாமல் தம்மைக் கையளித்தார். நமக்கும் மறுக்கும் உரிமை உண்டு. அதனால்தான் நாம் கொடுப்பதற்கு மதிப்பு. ஒன்று சொல்லிவிடுகிறேன்: வீட்டில் ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்த பெண்களிடம் இந்த வசனத்தைக் காட்டி இன்னும் கேட்காதீர்கள். வைத்துக்கொண்டு கொடுக்காதவர்களுக்கான வார்த்தை இது.

ஒரு மரம் விடும் நீர் அந்த மரத்தோடு முடிவதில்லை. 1970களில் பிரேசில் அறிஞர் எனியாஸ் சலாட்டி அமேசான் மழைநீரை ஆராய்ந்து, அங்கே பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி காடே திருப்பித் தருவது என்று காட்டினார். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரம் இப்படித்தான் மரங்களின் தயவில் உள்நாட்டை எட்டுகிறது. ஓரிடத்தில் வெட்டினால் தொலைவில் இருப்பவரின் மழை குறையும். திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் அமேசானுக்கென்றே ஆயர் மாமன்றம் கூட்டியது சும்மா அல்ல.

கடும் வறட்சியில் அந்த நீர்க்கயிறு அறுந்து, குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு உலகெங்கும் 226 வகைக் காட்டு மரங்களைப் பார்த்தது. 10இல் 7 வகை அந்தக் கயிறு அறும் எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். பெரிய மரத்தை வெட்டிவிட்டு, பதிலுக்குக் கன்று நட்டோம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்; இத்தனை ஆண்டுகளில் உருவான நீர்ப்பாதை கன்றுக்கு இல்லை. கோயில் வளாகத்தில் மரத்தின் அடிவரை சிமெண்ட் பூச வேண்டாம். கோடையில் நீர் ஊற்றுங்கள். உயிர்ப்பு விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. கொடுக்க முடிந்தும் நான் பிடித்து வைத்திருப்பது எது என்று ஒவ்வொருவரும் தேடிப் பார்த்து, அதை விழாவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஆமென்.